ஐந்து மாதம் நீரில், ஏழு மாதம் நிலத்தில்: பழைய கேபின் படகைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்ராறியோ ஏரிக்கரையின் ட்ரென்டன் நகரிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடாவின் போர்ட் செவேர்ன் வரை, ஆறுகளையும் ஏரிகளையும் வெட்டுவாய்க்கால்களையும் கோத்தபடி 386 கிலோமீற்றர் செல்கிறது ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழி. படகுகளை மட்டத்துக்கு மட்டம் ஏற்றி இறக்கும் அதன் நீர்ப்பூட்டுகள் ஆண்டுதோறும் மே மாதத்து விக்ரோறியா நாள் விடுமுறையையொட்டித் திறக்கப்பட்டு, ஒக்ரோபரில் நன்றியறிதல் நாள் வார இறுதியோடு மூடப்படுகின்றன. இடைப்பட்ட ஐந்து மாதங்களே இங்கு உல்லாசப் படகுப் பயணத்தின் காலம். மிகுதி ஏழு மாதங்களும் அந்தப் படகுகள் ட்ரெயிலரின் மீது, வெள்ளை நெகிழித் தாளால் இறுகப் போர்த்தப்பட்டு, வீட்டு முற்றத்திலோ வாடகைக் காணியிலோ உறைபனியில் கிடக்கின்றன. பழைய கேபின் படகொன்றை வாங்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் அந்த ஐந்து மாதங்களை மனதில் வைத்தே படகைப் பார்க்கிறார்கள். மெத்தைகளையும் சமையல் மேடையையும் பின்தளத்து இருக்கைகளையும் கண்டு மகிழ்கிறார்கள். ஆனால் படகின் உண்மையான உடல்நிலையை எழுதிச் செல்வது அந்த ஏழு மாதங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். கேபின் படகை நிலத்தில் வாழும் பொருளாகப் பார்க்கத் தெரிந்தவருக்கே நல்ல படகு அமையும்.

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விடயம் தொலைவானது அன்று. ஸ்காபரோவின் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே புளஃபேர்ஸ் பூங்காவில் பொதுப் படகிறங்குதளம் இருக்கிறது. நீர்வழியின் நடுவிலுள்ள பீற்றர்பரோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வண்டியில் போய்விடலாம். கரையோர ஊர்களில் பிறந்து, கண்ணாடியிழைப் படகையும் வெளியிணைப்பு இயந்திரத்தையும் சிறு வயதிலிருந்தே அறிந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அந்த அறிவு இங்கும் பயன்படும். ஆனால் நம் ஊர்க் கடற்கரையில் உறைபனி இல்லை, படகு வீதியில் பயணம் செய்யும் வழக்கமும் குறைவு. இந்த இரண்டு புதிய சங்கதிகளே இங்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுகின்றன.

முதலில் வீதியைப் பார்ப்போம். சிறப்பு அனுமதியின்றி நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லக்கூடிய சுமையின் அகலம் ஒன்ராறியோவில் 2.6 மீற்றர், அமெரிக்காவில் 8 அடி 6 அங்குலம், ஏறத்தாழ அதே அளவுதான். இந்த ஒற்றை எண்தான் ட்ரெயிலர் படகின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. நீளத்தைக் கூட்டலாம், உயரத்தைக் கூட்டலாம், அகலத்தை மட்டும் கூட்ட முடியாது. ஆகவே 26 அடிப் படகில் நின்று நடக்கும் உயரமும் கழிவறையும் இரண்டு படுக்கைகளும் வேண்டுமென்றால், அவையெல்லாம் ஒடுங்கிய அடித்தளத்தின் மேல் மாடிபோல அடுக்கப்படுகின்றன. அத்தகைய படகு பக்கக்காற்றில் சாயும், நங்கூரமிட்டிருக்கும் இரவில் கடந்து போகும் படகின் அலைக்கும் உருளும். 2.6 மீற்றர் அகலத்தில் 27 அடிக்கு மேல் நீண்டு, மேலே இன்னொரு ஓட்டுமேடையும் வைத்திருக்கும் படகை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடும்பத்தோடு ஏற நான் பரிந்துரைக்க மாட்டேன். 22 முதல் 25 அடி வரையான நீளமே இந்த அகலத்துக்குப் பொருந்தும் என்பதைப் பல பத்தாண்டுகளாகக் கட்டப்பட்ட படகுகளே காட்டுகின்றன.

அடுத்த கேள்வி எங்கே போகப் போகிறோம் என்பது. படகைப் பார்த்துவிட்டுப் பயணத்தை யோசிப்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய இயந்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். ட்ரென்ட்-செவேர்னின் வாய்க்கால் பகுதிகளில் வேக எல்லை மணிக்கு 10 கிலோமீற்றர். ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீற்றர் நீளும் றிடோ வாய்க்காலின் ஒடுங்கிய பகுதிகளிலும் அதுவே நிலை. 1832-இல் திறக்கப்பட்டு 2007-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்த வாய்க்கால் அவசரக்காரர்களுக்கானதல்ல. 1904 முதல் இயங்கும் பீற்றர்பரோ தூக்குப்பூட்டு, இரண்டு பெரும் நீர்த்தொட்டிகளைத் தராசுத் தட்டுகள்போல ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கி, படகை ஏறத்தாழ 20 மீற்றர் உயர்த்துகிறது. அதற்காகக் காத்திருக்கும் வரிசையில் 300 குதிரைத்திறனுக்கும் 90 குதிரைத்திறனுக்கும் ஒரே மரியாதைதான். ஆனால் இதே நீர்வழியில் சிம்கோ ஏரியைக் கடக்க வேண்டியிருக்கிறது. 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து, அந்தப் பரப்புக்கு ஆழம் குறைந்த அந்த ஏரியில் காற்று எழுந்தால் குறுகிய, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து வரும். முடிவில் வரும் ஜோர்ஜியன் விரிகுடாவோ திறந்த பெருநீர். அதன் தீவுகளுக்கிடையே கருங்கற்பாறைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடக்கின்றன. மெதுவாக நேராகச் செல்லவும், தேவைப்படும்போது வேகமாகக் கரை சேரவும் கூடிய படகுதான் இங்கு தேவை.

பழைய படகுச் சந்தையில் இதற்கு இரண்டு பெரும் வகைகள் கிடைக்கின்றன. ஒன்று, கப்பலின் மாலுமியறையைச் சுருக்கி வைத்தாற்போல நிமிர்ந்த கண்ணாடிகளோடு கூடிய மூடிய ஓட்டறைப் படகு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தோன்றிய சீ-டோரி 22 இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அகலம் 7 அடி 8 அங்குலம்தான், அடிப்பகுதி தட்டையானது, பின்னால் வெளியிணைப்பு இயந்திரம். நோவா ஸ்கோஷியாவில் நெடுங்காலம் கட்டப்பட்ட றொஸ்பரோ ஆர்.எஃப். 246 இதன் பெரிய உறவினர். மற்றது, தாழ்ந்த முன்கேபினும் திறந்த பின்தளமும் துணிக்கூரையும் கொண்ட விரைவுப்படகு. பேலைனர் சியெரா வரிசையும் சீ றே சன்டான்சர் வரிசையும் இந்த வகையின. இவற்றில் பெரும்பாலானவற்றில் இயந்திரம் பின்தளத்தின் கீழே உள்ளே இருக்கும். அதன் விசையை நீருக்குள் கொண்டுசெல்லும் கால் பின்சுவருக்கு வெளியே தொங்கும். இதை ஸ்ரேர்ன் ட்ரைவ் என்பார்கள்.

விளம்பரங்களில் இரண்டாம் வகையே மலிவாகவும் மிகுதியாகவும் இருக்கும். மலிவுக்குக் காரணம் உண்டு. ஆழமான வி வடிவ அடிப்பகுதி அலையை வெட்டிச் செல்ல நல்லது, ஆனால் 10 கிலோமீற்றர் வேகத்தில் அத்தகைய படகு வாய்க்காலில் இடமும் வலமுமாக அலையும். நாள் முழுவதும் திசைச்சக்கரத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 5.7 லீற்றர் வி8 இயந்திரம் படகை நீர்மேல் எழுப்பி ஓட்டும்போது மணிக்கு 45 லீற்றர் பெற்றோலை எளிதாகத் தாண்டிவிடும். 90 குதிரைத்திறன் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சீ-டோரி 22 போன்ற படகு மிதமான வேகத்தில் மணிக்கு 20 லீற்றர் அளவில் நின்றுகொள்ளும். மழை பெய்யும் ஜூன் நாளில் துணிக்கூரையின் கீழ் ஒடுங்கி ஓட்டுவதற்கும், மூடிய அறையில் கண்ணாடித் துடைப்பானோடு ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் இதனோடு சேர்த்துக் கொள்ளுங்கள். நால்வர் கொண்ட குடும்பம் வெயில் நாட்களில் நீந்தி விளையாடவும் இரண்டு இரவுகள் தங்கவும் மட்டும் விரும்பினால், திறந்த பின்தளம் தரும் இடத்துக்கு ஈடில்லை. இருவராக வாரக்கணக்கில் நீர்வழி முழுவதும் போக விரும்புபவர்களுக்கு ஓட்டறைப் படகே என் தேர்வு.

இனி எடை. விற்பனை ஏட்டில் அச்சிடப்பட்டிருப்பது எரிபொருளும் நீரும் சாமான்களும் ட்ரெயிலரும் இல்லாத வெற்றெடை. சில ஏடுகளில் இயந்திரத்தின் எடைகூடச் சேர்க்கப்பட்டிருக்காது. 24 அடி விரைவுப்படகொன்றின் வெற்றெடை 2,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 280 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 207 கிலோ. நீர்த்தொட்டியில் 75 லீற்றர், அதாவது 75 கிலோ. நங்கூரமும் சங்கிலியும், மேலதிகப் பற்றறி, கயிறுகள், உயிர்காப்பு அங்கிகள், பாத்திரங்கள், படுக்கை, குளிர்ப்பெட்டி, உணவு என்று 250 கிலோவை யாரும் உணராமலே ஏற்றிவிடுவோம். ஈரச்சு (இரண்டு அச்சுகள் கொண்ட) ட்ரெயிலர் 650 கிலோ. கூட்டினால் 3,480 கிலோவைத் தாண்டுகிறது. ஏட்டில் கண்ட எண்ணின் ஒன்றரை மடங்கு. சீ-டோரி 22 இதே கணக்கில் ட்ரெயிலரோடு 1,600 முதல் 2,000 கிலோவுக்குள் அடங்கும்.

நம் குடும்பங்களில் பரவலாக உள்ள ரொயோற்றா சியன்னா, ஹொண்டா ஒடிசி போன்ற வான்களின் இழுதிறன் 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. வி6 இயந்திரம் கொண்ட ரொயோற்றா ஹைலான்டருக்கு 5,000 இறாத்தல். ஆகவே வானை வைத்துக்கொண்டு நின்று நடக்கும் கேபின் படகைத் தேடுவது வீண். ஹைலான்டருக்குச் சிறிய ஓட்டறைப் படகே எல்லை. 24 அடி விரைவுப்படகுக்கு முழு அளவுப் பிக்கப் வண்டி தேவை. அந்த வண்டியின் விலையும் படகின் விலைதான் என்பதை வீட்டில் உள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒப்புக்கொள்வது நல்லது. இழுதிறனோடு மட்டும் கணக்கு முடிவதில்லை. ட்ரெயிலரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 வீதம் வண்டியின் கொக்கியில் அழுந்த வேண்டும். அது குறைந்தால் வேகத்தில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். மேற்சொன்ன 3,480 கிலோவுக்கு அது 350 கிலோ. இந்த அழுத்தமும் வண்டிக்குள் இருக்கும் ஆட்களின் எடையும் சேர்ந்து, ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சுமை எல்லைக்குள் நிற்க வேண்டும். இழுத்துவிடக்கூடிய பல வண்டிகள் இங்கேதான் தோற்றுப்போகின்றன. சட்டத்தைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவின் சாதாரண ஜி வகுப்பு உரிமத்தோடு 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கலாம். 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குத் தனி நிறுத்துகருவி கட்டாயம்.

அந்த நிறுத்துகருவியைப் பழைய ட்ரெயிலர்களில் நான் எப்போதும் சந்தேகத்தோடே பார்ப்பேன். படகு ட்ரெயிலர் சாதாரண ட்ரெயிலர் அன்று. ஒவ்வொரு பயணத்திலும் அதன் அச்சு நீருக்குள் மூழ்கி எழுகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் குளிர்ந்த ஏரி நீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீர் குளிர்காலம் முழுவதும் உருளைத் தாங்கியில் தங்கித் துருவை வளர்க்கிறது. அடுத்த ஜூனில் நெடுஞ்சாலை 400-இன் ஓரத்தில் சக்கரம் கழன்ற ட்ரெயிலராக அது வெளிப்படுகிறது. சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்திக் கையால் சுழற்றுங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது, மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. குடத்து மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். படகு ட்ரெயிலரின் ரயர் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகிறது. பூவேலை முழுவதும் இருந்தாலும் ஆறு ஆண்டுகளைக் கடந்திருந்தால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டமா, வெறும் வர்ணம் பூசியதா என்பதையும், படகு அமரும் மரத்தண்டுகளும் அவற்றைத் தாங்கும் போல்ட்டுகளும் அழுகியிருக்கின்றனவா என்பதையும் கீழே குனிந்து பார்ப்பது அவசியம். படகு நன்று, ட்ரெயிலர் மட்டும் பழுது என்று விற்பவர் சொன்னால், ஈரச்சுப் படகு ட்ரெயிலர் ஒன்றின் புதுவிலையை விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

ஏழு மாதக் குளிர் படகின் உடலில் செய்யும் வேலையே மிக நுண்ணியது. கண்ணாடியிழை அழுகாது. ஆனால் அந்த இழைக்குள் மரம் இருக்கிறது. 1990-களிலும் அதற்கு முன்பும் கட்டப்பட்ட பெரும்பாலான படகுகளில் பின்சுவர், அடித்தளத்தின் நெடுவிட்டங்கள், தளம் ஆகியவை கண்ணாடியிழையால் மூடப்பட்ட ஒட்டுப்பலகை. சீ-டோரி போன்றவற்றில் தளத்திலும் அடிப்பகுதியிலும் எடை குறைந்த பால்சா மரக்கட்டைகள் நடுப்படையாக இருக்கின்றன. யாரோ ஒருவர் ஆழமானியையோ ஏணியையோ பொருத்துவதற்காகத் திருகாணி இறக்கி, துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால் போதும். நீர் உள்ளே கசிந்து நடுப்படையை நனைக்கும். நம் ஊரில் அந்த நீர் மரத்தை அழுகச் செய்யும். இங்கு அதற்கு மேல் ஒன்றையும் செய்கிறது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை உறைந்தும் உருகியும் மீண்டும் உறைந்தும், நனைந்த மரத்தையும் இழையையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்கொண்டே போகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

காதும் காலும்தான் இதைக் கண்டுபிடிக்கின்றன. நெகிழித் தலை கொண்ட சிறு சுத்தியால் தளத்தையும் பின்சுவரையும் வரிசையாகத் தட்டிச் செல்லுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், நனைந்த அல்லது பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஓட்டறைக் கண்ணாடிகளின் மூலைகள், கைப்பிடிக் கம்பிகளின் அடி, நங்கூரம் வைக்கும் அணியம், ஸ்ரேர்ன் ட்ரைவ் துளைத்துச் செல்லும் பின்சுவர் ஆகிய இடங்களில் தட்டுவதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். தளத்தில் நடக்கும்போது குதிகாலின் கீழ் மெத்தென்று அமிழ்ந்தால் விலை பேச வேண்டியதில்லை. வெளியிணைப்பு இயந்திரத்தின் அடிக்காலைப் பிடித்து மெல்ல மேலே தூக்கி இறக்கினால் பின்சுவர் அசையக் கூடாது. ஸ்ரேர்ன் ட்ரைவ் படகின் பின்சுவர் அழுகியிருந்தால் இயந்திரத்தையே வெளியே எடுத்துத்தான் திருத்த முடியும். இருபது ஆண்டுப் பழைய படகொன்றில் அந்த வேலைக்கு ஆகும் கூலி படகின் சந்தை விலையை எளிதாக மிஞ்சிவிடும். ஈரமானியோடு வரும் படகு மதிப்பாய்வாளரின் கட்டணம் பெரிதாகத் தோன்றுபவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். எப்படியும், பழைய படகுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பலவும் அந்த அறிக்கையைக் கேட்கும்.

இயந்திரத்திலும் முதல் எதிரி உறைபனிதான். வெளியிணைப்பு இயந்திரத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் குளிர்விக்கும் நீர் தானாக வடிந்துவிடும். இந்த ஒரே காரணத்துக்காகவே இந்த நாட்டுக்கு அது பொருத்தமானது. உள்ளிருக்கும் ஸ்ரேர்ன் ட்ரைவ் இயந்திரம் பெரும்பாலும் ஏரி நீரையே உறிஞ்சித் தன் வார்ப்பிரும்பு உடலுக்குள் சுற்றவிடுகிறது. இலையுதிர்காலத்தில் அதன் வடிகால் அடைப்பான்களைத் திறந்து நீரை முழுவதும் வெளியேற்றி, இளஞ்சிவப்பு நிற உறையாத் திரவத்தைச் செலுத்த வேண்டும். ஓர் ஆண்டு மறந்தாலோ ஒரு துளை சேறடைத்திருந்தாலோ உள்ளே நின்ற நீர் உறைந்து வார்ப்பைப் பிளந்துவிடும். பிளந்த இயந்திரம் வசந்தத்தில் நன்றாகத்தான் கிளம்பும். சில மணி நேரத்துக்குப் பின்னரே எண்ணெயில் நீர் கலக்கும். எனவே எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். பால் தேநீரின் நிறம் தெரிந்தால் விலகிவிடுங்கள். இயந்திரத்தின் பக்கங்களில் நீளவாட்டில் துருக்கோடோ பசை பூசிய தடமோ ஓரிடத்தில் மட்டும் புது வர்ணமோ இருக்கிறதா என்று விளக்கடித்துத் தேடுங்கள். குளிர்காலத்துக்கு முன் இந்த வேலையை யார் செய்தார்கள் என்பதற்கான பற்றுச்சீட்டுகள் ஆண்டு வாரியாக இருந்தால், அவை எந்த விளம்பர வாசகத்தையும்விட மதிப்புடையவை.

ஸ்ரேர்ன் ட்ரைவ் வகைக்கே உரிய இன்னொரு பலவீனம், பின்சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் இருக்கும் மடிப்பு மடிப்பான இறப்பர் உறைகள். அவை கிழிந்தால் நீர் நேராகப் படகுக்குள் வரும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியவை. காலை உயர்த்தி வைத்தபடியே குளிர்காலத்தைக் கழித்த படகுகளில் மடிப்புகள் விரைவாக வெடிக்கும். மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

உப்பு நீரில் ஓடிய படகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வரும் படகுகள் இங்கு விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றுக்கு உறைபனித் தொல்லை குறைவு. ஆனால் இயந்திரத்தின் புகைபோக்கி வார்ப்புகளை உப்பு உள்ளிருந்து அரித்துவிடும். நன்னீரில் பல ஆண்டுகள் உழைக்கும் அதே வார்ப்புகள் கடலில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் ஓட்டையாகி, நீரை இயந்திரத்தின் உருளைகளுக்குள் (சிலிண்டர்) விட்டுவிடும். ட்ரெயிலரின் நிறுத்துகருவிக் குழாய்களும் அரித்திருக்கும். எல்லை கடந்து வாங்கினால் ட்ரெயிலரும் தனி வாகனமாகவே இறக்குமதி விதிகளுக்கு உட்படும். பேரேரிகளின் நன்னீரிலேயே வாழ்ந்த படகுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

ஓடிய மணி நேரத்தை மட்டும் வைத்து இயந்திரத்தை எடைபோட முடியாது. இருபது ஆண்டுகளில் 150 மணி நேரம் மட்டுமே ஓடிய இயந்திரம் அருமையானது என்று விளம்பரம் சொல்லும். எனக்கு அது நெடுநாள் நின்றுபோன இயந்திரம். வழக்கமான பெற்றோலில் 10 வீதமளவு எதனோல் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் பாதி நிரம்பிக் கிடக்கும் தொட்டியில் நீரும் எதனோலும் பிரிந்து அடியில் தங்கும். தளத்துக்குக் கீழே வைத்து மூடப்பட்ட அலுமினியத் தொட்டி அரிப்புண்டால், தளத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 50 மணி நேரம் ஒழுங்காக ஓடி, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட இயந்திரத்தின் 800 மணி நேரத்தை நான் அஞ்ச மாட்டேன். எல்லா உருளைகளின் அமுக்கத்தையும் அளந்து, அவை ஒன்றுக்கொன்று 10 வீத வேறுபாட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

கேபினுக்குள் உறங்கப் போகிறவர்களுக்கு இயந்திர அறையின் காற்று உயிர் சம்பந்தப்பட்டது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வெளியேறாமல் படகின் அடிக்குழியில் தேங்கும். உள்ளியந்திரப் படகில் கிளப்புவதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றுவிசிறியை ஓடவிட வேண்டும். அந்த விசிறி வேலை செய்கிறதா, அதன் குழாய் கிழியாமல் அடிக்குழி வரை இறங்குகிறதா என்று பாருங்கள். அடுப்பெரிவாயுவும் அவ்வாறே தாழ்வாகத் தேங்குவது. கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமே இல்லை; பின்தளத் துணிக்கூரையை மூடிக்கொண்டு மெதுவாக ஓடும்போது இயந்திரப் புகை பின்புறமாகச் சுழன்று கேபினுக்குள் வரக்கூடும். பழைய எச்சரிக்கைக் கருவி சுவரில் இருக்கிறதே என்று நிம்மதி அடையாமல் புதியதை வாங்கிப் பொருத்துங்கள். பிள்ளைகள் முன்கேபினில் தூங்கும் படகில் இதற்கு விலை பார்க்கவே கூடாது.

உள்வசதிகளுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆறு பேர் உறங்கலாம் என்று ஏடு சொன்னால் இருவரும் இரண்டு சிறுவர்களும் என்று படியுங்கள். முன்படுக்கையில் காலணியைக் கழற்றிவிட்டு உண்மையாகவே நீட்டிப் படுத்துப் பாருங்கள். மெத்தையைத் தூக்கி அடியில் மோந்து பாருங்கள். பூஞ்சண மணம் மேலேயிருந்து வரும் ஒழுகலைக் காட்டிக்கொடுக்கும். கழிவுநீரை ஒன்ராறியோவின் நீர்நிலைகளில் விடுவது சட்டவிரோதம் என்பதால், கழிவறை ஒழுங்காகத் தொட்டியோடு இணைக்கப்பட்டு, படகுத்துறையில் உறிஞ்சி எடுக்கும் வாயோடு இருக்க வேண்டும். நீர்க்குழாயும் பம்பியும் சுடுநீர்த் தொட்டியும் உறைபனியில் வெடித்திருக்கலாம் என்பதால் நீரை ஏற்றி ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். துணிக்கூரையை முழுவதும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் புதிதாகத் தைப்பது சிறிய செலவல்ல.

ஆவணங்களில் படகுக்கும் ட்ரெயிலருக்கும் இயந்திரத்துக்கும் தனித்தனி எண்கள் உண்டு. பின்சுவரின் வலப்பக்க மேல்மூலையில் பொறிக்கப்பட்ட 12 எழுத்தெண் கொண்ட உடல் அடையாள எண்ணின் கடைசி இரு இலக்கங்கள் வடிவ ஆண்டைக் காட்டும். அதை வைத்து அடமானக் கடன் எதுவும் நிலுவையில் உள்ளதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடலாம். 10 குதிரைத்திறனுக்குக் குறையாத இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகுக்குக் கனடாவில் உரிமம் வேண்டும், ஓட்டுபவரிடம் தகுதி அட்டையும் இருக்க வேண்டும். ட்ரெயிலரின் பதிவுப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், அது கிடைக்கும்வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

வாங்கும் பருவத்தைப் பொறுத்தவரை, செப்ரெம்பரும் ஒக்ரோபரின் முற்பகுதியும் மிக நல்ல நாட்கள். குளிர்காலச் சேமிப்புக்கும் இயந்திர ஆயத்தத்துக்கும் மீண்டும் பணம் கட்ட வேண்டுமே என்று உரிமையாளர் எண்ணத் தொடங்கும் நேரம் அது. நீரும் இன்னும் உறையவில்லை, ஓட்டிப் பார்க்கலாம். ஜனவரியில் போர்வைக்குள் கிடக்கும் படகை வாங்கினால், மே மாதம் நீரில் ஓடிய பின்னரே தரப்படும் என்று எழுதி, விலையின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உடன்படாதவரிடம் அந்த மாதத்தில் வாங்குவது சரியன்று.

ஓட்டிப் பார்க்கும் நாளில், சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள்; குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் காலைக் குளிரில் அது எப்படிக் கிளம்பும் என்பது மறைக்கப்படுகிறது. ஏரியில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். முழுவேகத்தில் தயாரிப்பாளர் குறித்த சுழற்சி எண்ணை எட்டுகிறதா, வெப்பமானி ஓரிடத்தில் நிலைக்கிறதா என்று பாருங்கள். பின்பு வாய்க்காலில் போவதுபோல 10 கிலோமீற்றர் வேகத்துக்குக் குறைத்து, திசைச்சக்கரத்திலிருந்து கையை எடுத்து, படகு எவ்வளவு தூரம் நேராகப் போகிறது என்று கவனியுங்கள். உங்கள் பயணத்தின் பெரும்பகுதி அந்த வேகத்தில்தான் கழியப்போகிறது. பீற்றர்பரோவிலும், அதே நீர்வழியின் மற்றத் தூக்குப்பூட்டான கேர்க்ஃபீல்டிலும் சுவரோரமாக நிற்க வேண்டியிருக்கும் என்பதால், பின்னோக்கி இழுத்து நிறுத்தவும் செய்யுங்கள். அதே காரணத்துக்காக, துணைவரோ பிள்ளையோ பக்கவாட்டு வழியாக முன்னால் சென்று கயிறு பிடிக்கக் கால்வைக்கும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டும். பல விரைவுப்படகுகளில் அந்த வழி ஒரு பாத அகலம்கூட இல்லை.

கரைக்கு ஏற்றியதும் சட்டப்படி அடைப்பானைக் கழற்றி நீரை வடிக்க வேண்டும். வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவுவதைத் தடுக்க 2022 முதல் ஒன்ராறியோவில் இது கட்டாயம். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கோப்பை நீர் வடிந்து நின்றால் நன்று. நிமிடக்கணக்கில் ஓடினால், அந்த அரை மணி நேரத்தில் எங்கிருந்தோ நீர் புகுந்திருக்கிறது. நீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் இயந்திரமும் கசிகிறது. பிறகு விற்பவரையே ட்ரெயிலரை இருபது கிலோமீற்றர் இழுத்துவரச் சொல்லி, நின்றவுடன் நான்கு சக்கரக் குடங்களிலும் உள்ளங்கையை வையுங்கள். நான்கும் ஒரே இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால், அந்தச் சக்கரத்தின் தாங்கி கடந்த குளிர்காலத்தை நீரோடு கழித்திருக்கிறது.